திரையாட்டங்களுள் நாம் விரும்பும் ஐந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் பெருமையும் சிலம்பின் சிறப்பும் பேசப்பெறுவது வழக்கம். அவற்றைப் பேசத்தக்க புலமை வாய்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பார்சல் கணக்கு எழுதிவரும் நமக்கு அத்துறை எட்டாது. ஆதலின் நாம் நன்கு அறிந்த பொருளொன்றைத் தேர்ந்துகொண்டோம். பிள்ளைகள் 'வீடியோ கேம்' என்று சொல்வதை இன்று நாம் 'திரையாட்டம்' என்று வழங்குவோம். நாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்தவை எவை, அவற்றுள் முதலிடம் எதற்கு என்பதே இன்றைய பேச்சு. 'ஐயகோ! இதற்கும் ஒரு சொற்பொழிவா?' என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டா. நம் பிள்ளைகள் நாள்தோறும் பல நாழிகை செலவிடும் ஒன்றைப் பற்றி நாம் வாயே திறவாதிருப்பின், அதைப் பற்றி அவர்களோடு பேசுவதற்குக் கடைக்காரரும் விளம்பரக்காரருமே எஞ்சுவர்.

வரிசைப்படுத்துவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? படத்தின் அழகையோ ஒலியின் நயத்தையோ விற்பனைத் தொகையையோ நாம் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஓர் ஆட்டத்தின் முன்னே எத்தனை பேர் ஒருங்கே அமர்ந்தனர்? திரை அணைந்த பின்னர் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள என்ன இருந்தது? இவ்விரண்டு வினாக்களே நம் துலாக்கோல்.

இந்த அளவுகோல் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடியபோது, ஆடியவர் இருவர், பார்த்தவர் எண்மர். புளியங்கொட்டையோ சோழியோ குழியில் விழுமுன்னரே எண்ணிச் சொல்லும் கெட்டிக்காரி ஒருத்தி சுவரோரம் அமர்ந்திருப்பாள். தாயக்கட்டை உருளும் திண்ணையில், காய் வெட்டுப்பட்டவனைக் காட்டிலும் வேடிக்கை பார்த்தவனே அதிகம் கூவுவான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளை மடக்கப் பதினைந்து ஆடுகள். அவற்றை எங்கே வைப்பதென்று சொல்லத் தெருவே கூடிநிற்கும். ஆட்டம் என்றால் கூட்டம் என்பதே நாம் வளர்ந்த வழக்கு.

இனி, பட்டியலுக்கு வெளியே நாம் நிறுத்திவிட்டவற்றை முதலில் கூறுதல் முறை. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவை ஆட்டமல்ல, சூது. எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனித்த தொல்லையும் இருந்தது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு சட்டம், இஞ்சிவிளைக்கு இப்பால் வேறொரு சட்டம். 2021இல் கேரள அரசு இணைய ரம்மிக்கு விதித்த தடையை அவ்வாண்டு செப்டம்பரிலேயே கேரள உயர் நீதிமன்றம் நீக்கிற்று. தமிழ்நாடு 2022இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடுபவை எனக் கூறி அவற்றைத் தடைப்பட்டியலினின்று எடுத்துவிட்டது. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிய பின்னரே எல்லையின் இரு புறத்துக்கும் ஒரே விதி ஏற்பட்டது. சட்டம் வந்துவிட்டது, இடையில் சம்பளத்தை இழந்த குடும்பங்களின் கடன் அடையவில்லை. அத்தகைய குடும்பங்கள் நம் காலனிக்கு அயலிலும் உண்டு. இதற்கு மேல் இன்று வேண்டா.

பிள்ளைகள் மிகவும் விரும்பும் பப்ஜி நம் வரிசையில் இல்லை. 2020 செப்டம்பரில் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயர் பூண்டு மீண்டும் வந்தது. 'நால்வர் சேர்ந்துதானே ஆடுகிறோம்?' என்று பிள்ளைகள் நம்மை மடக்குவர். உண்மையே. அந்த நால்வரும் நான்கு ஊர்களில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நான்கு தனியறைகளில் இருக்கின்றனர். அடுக்களையில் நிற்கும் தாய்க்கு அந்த ஆட்டத்தில் கேட்பது ஒரே ஒரு பக்கத்துக் கூச்சல். நம் துலாக்கோலில் அது ஏறாமற் போனதன் காரணம் அதுவே. ஆட்டத்தின் நுட்பத்தை நாம் குறைத்துக் கூறவில்லை.

இனி வரிசைக்கு வருவோம்.

ஐந்தாம் இடம் பாம்பு ஆட்டத்துக்கு. பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தின் 6110 என்னும் கைபேசியில், 1997இல், தனேலி அர்மாண்டோ என்னும் பொறியாளர் அதனை அமைத்துத் தந்தார். தன் வாலைத் தானே கடிக்காமல் இரை தேடி நீளும் பாம்பு, வேறொன்றும் இல்லை. நம் ஊர்களில் அது பரவியது சில ஆண்டுகள் கழித்து, கைபேசி எளியோர் கைக்கும் எட்டிய காலத்தில். பாறசாலை நிலையத்து மேடையில், தாமதமாகும் வண்டிக்காக நாகர்கோவில் செல்லும் மாணவரும் திருவனந்தபுரம் செல்லும் கொத்தனாரும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே கைபேசியைக் குனிந்து நோக்கியதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். வண்டித் தாமதத்தைக் கேட்டுச் சன்னலுக்கு வருவோர் தொகையைக் குறைத்த பெருமையும் அப்பாம்புக்கே உரியது! சிறிய திரையாதலின் இருவருக்கு மேல் காண இயலாது. ஆகவே ஐந்தாம் இடம்.

நான்காம் இடம் மரியோவுக்கு. இங்கே சற்று வரலாறு சொல்லவேண்டும். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் சாயலில் எங்கெங்கோ செய்யப்பட்ட பெட்டிகள் தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை நாம் 'டி.வி. கேம்' என்றோம், உள்ளே செருகும் ஆட்டப் பேழையை 'கேசட்' என்றோம். பாட்டு கேசட்டுக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஆயினும் செருகப்படுவது எதுவாயினும் அக்காலத்தில் அது கேசட்டே. '9999 ஆட்டங்கள்' என்று மேலே அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோ ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். ஆட்டம் ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊதி மீண்டும் செருகுவோம். ஊதியதால் சரியாயிற்றா, கழற்றி மீண்டும் செருகியதால் தொடுமுனை பொருந்திச் சரியாயிற்றா என்று கேட்டால், பின்னது என்பதே பொருத்தமான விடை. எனினும் ஊதாமல் செருகும் துணிவு அன்று எவர்க்கும் இருந்ததில்லை.

அப்பெட்டிக்கென்றே ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அமைத்து 1985 செப்டம்பரில் வெளிவந்ததுதான் சூப்பர் மரியோ பிரதர்ஸ். மீசை வைத்த குழாய்த் தொழிலாளி ஒருவன் காளான் தின்று பெரியவனாகி, வலப்புறமாக ஓடிக்கொண்டே இருப்பான். கோஜி கோண்டோ அமைத்த அதன் இசையை இன்றும் நம் வயதினர் சீழ்க்கையடிக்கக் கேட்கலாம். முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் கொள்ளும் இடத்தில் இத்தகைய ஆட்டங்கள் ஐம்பதை அடக்கிவிடலாம். அச்சிக்கனத்தின் அடையாளம் திரையிலேயே தெரியும். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மட்டும் வேறு. வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஒரே சேலையை இரு பக்கமும் உடுத்தும் நம் இல்லத்தரசியர்க்கு இதன் அருமை விளங்கும்.

இத்துணைச் சிறப்பிருந்தும் நான்காம் இடம் ஏன்? இருவர் ஆடலாம் என்று பெயரேயன்றி, ஒருவன் மாண்டால்தான் மற்றவனுக்கு முறை வரும். கைதேர்ந்தவன் பொத்தானைப் பிடித்தால் அரைமணி நேரம் அடுத்தவன் கொட்டாவி விடவேண்டும். நம் தெருவில் நிகழ்ந்த சண்டைகளுள் பாதிக்குக் காரணம் மரியோவே.

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, 'கோண்ட்ராவுக்கு இடமில்லையா?' என்று கேட்பார் என்பதை நாம் அறிவோம். கொனாமி நிறுவனத்தின் ஆட்டம் அது; கடை இயந்திரத்தில் 1987, வீட்டுப் பெட்டியில் 1988. இருவர் ஒருங்கே சென்று சுடலாம். மூன்றே உயிரோடு தொடங்குவோர்க்கு முப்பது உயிர் தரும் மறைமொழி ஒன்று அதில் உண்டு: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு இரு பொத்தான்கள். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பார், 1986இல் கிரேடியஸ் என்னும் ஆட்டத்தைத் தாமே சோதித்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட குறுக்குவழியே அது. அம்மறைமொழி உலகெங்கும் வாய்வழியேயும் பரவிற்று. நெய்யாற்றின்கரைக்கும் அது வந்து சேர்ந்ததை எண்ணும்போது, நாட்டுப்பாடல்கள் எவ்வாறு ஊர்விட்டு ஊர் சென்றிருக்கும் என்பது விளங்குகிறது. மறைமொழிக்கு முதற்பரிசு கொடுக்கலாம். ஆட்டத்துக்கு ஆறாம் இடம். சுடுவதன்றி அதில் வேறு வேலை இல்லை.

மூன்றாம் இடத்துக்கு டெட்ரிஸ். இது நமக்குத் தொழிலாலும் உறவு.

1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியற் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் என்பார் அதனை ஆக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் ஏழு வடிவங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழும். திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணிப்பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே கிடையாது. அடைப்புக்குறிகளை அருகருகே இட்டுத்தான் சதுரங்களைக் காட்டினார். அரசுப் பணியில் இருந்தவர் ஆக்கியதாதலின் உரிமை அரசைச் சேர்ந்தது. உலகமெல்லாம் கோடிக்கணக்கில் விற்ற ஆட்டத்துக்கு 1996 வரையில் அவருக்குப் பங்குத்தொகை வரவில்லை. அரசாங்க எழுத்தராகிய நமக்கு அவர்பால் ஒரு தனிப்பரிவு உண்டு என்பதை மறைப்பானேன்?

நம் ஊர்களுக்கு டெட்ரிஸ் வந்தது டி.வி. கேம் வழியாக அன்று. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், உள்ளங்கையில் அடங்கும், 'பிரிக் கேம்' என்னும் விளையாட்டுக் கருவியில் வந்தது. கோயில் திருவிழாக் கடையிலும் தேவாலயத் திருநாள் கடையிலும் வளையலுக்கும் பலூனுக்கும் நடுவே அது தொங்கும். நம் வீட்டுக்கு வந்த கருவி ஒரு வாரத்தில் நம் கையை விட்டுப் போயிற்று. கொண்டுபோனவர் நம் அன்னையார்! தமிழன்றி வேறெழுத்து அறியாதவர் அவர். கடைப் பலகையும் பேருந்துப் பலகையும் மலையாளத்தில் இருப்பதால், இந்த ஊருக்குக் குடிவந்த நாள்முதல் எதையும் பிறரிடம் கேட்டே அறியவேண்டியிருந்தது அவருக்கு. அக்கருவியோ எந்த மொழியிலும் எதையும் கேட்கவில்லை. 'கட்டையடுக்கு' என்று அதற்கொரு பெயரிட்டு, பிற்பகலில் பாத்திரம் கழுவி முடித்தவுடன் வாசற்படியில் அமர்வார். நீளக்கட்டை வருமென்று ஓரத்தில் ஒரு குழியை விட்டுவைக்கும் தந்திரத்தை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பல்லாங்குழியில் காசி சேர்க்கப் பழகிய கைக்கு அது தானே தெரிந்தது போலும். பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டுவார். அயல்வீட்டு மலையாளத்து அம்மையாரும் அருகே வந்து அமர்ந்து, 'திரி, திரி' என்பார். அன்னையார், 'திருப்பியாச்சு' என்பார். இருவருக்கும் இடையே மொழி பெயர்ப்பார் எவரும் தேவைப்படவில்லை.

பார்சல் வண்டியில் மூட்டையேற்றுவோரைப் பார்க்கும்தோறும் இந்த ஆட்டமே நம் நினைவுக்கு வரும். வண்டி நிற்பது சில நிமிடம். வாழைக்குலையும் கைத்தறிச் சிப்பமும் இருசக்கர வண்டியும் ஒருங்கே ஏறவேண்டும். தேர்ந்த சுமைதூக்குவோர் மூட்டையைத் தரையிலிருந்து எடுக்கும்போதே அது எந்தப் பக்கம் திரும்பி உட்காரும் என்று முடிவு செய்துவிடுகிறார். பஜித்னோவ் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், 13 வயதினன், நிண்டெண்டோ பெட்டியின் டெட்ரிஸை 157ஆம் நிலைவரை ஆடி, பெட்டியே திகைத்து நின்றுவிடும்படி செய்தான். அதுவரை எந்த மனிதரும் அந்த எல்லையை எட்டியதில்லை. கட்டை விழும் வேகத்துக்குக் கண் பழகினால் போதாது, விரலும் பழகவேண்டும். நம் சுமைதூக்குவோர்க்கும் அவ்வாறே.

இரண்டாம் இடத்தைச் சொல்லும்போது அவையிலுள்ள பலர்க்கு வியப்பு உண்டாகலாம். அந்த ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'.

ஆம், யாப்பிலக்கணத்து வெண்பாவேதான். ஆட்டத்தில் அது ஒரு தாயின் பெயர். கணவன் பெயர் பாவலன். மகன் பெயர் கவின். 1980களில் தமிழகத்தினின்று கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. டொராண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று அதனை வெளியிட்டது. 2024இல் தனிநிலை ஆட்டங்களுக்கான அமெரிக்க விழாவில் பெரும்பரிசையும், பிரிட்டிஷ் திரைப்பட தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த முதற்படைப்பு விருதையும் அது பெற்றது. தமிழ்த் தாயொருத்தியைத் தலைவியாகக் கொண்ட திரையாட்டம் சென்னையிலிருந்து வரவில்லை. கடல்கடந்து குடியேறியவர் கையிலிருந்து வந்தது. அது நமக்குச் சற்றும் வியப்பளிக்கவில்லை. வீட்டில் இருப்பவனுக்கு வீட்டின் மணம் தெரிவதில்லை.

ஆட்டம் யாது? சமையல்! வெண்பாவிடம் அவள் தாய் தந்த குறிப்பேடு ஒன்று உண்டு. கிழிந்தும் அழிந்தும் போனது. எஞ்சிய வரிகளைக் கொண்டு, விடுபட்டவற்றை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கவேண்டும். புட்டுக்குழாயைத் திரையில் கண்டபோது நம் வீட்டார் ஆரவாரித்தனர். காலையில் அடுக்களையில் ஆவி விட்ட குழாய் மாலையில் கணிப்பொறித் திரையில் நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அடுப்பு வேலை ஒரு பாதியே. மறுபாதி, மகன் மெல்ல மெல்லத் தாயின் மொழியினின்று விலகிச் செல்வது. தாய் தமிழில் கேட்பாள். மகன் ஆங்கிலத்தில் விடையிறுப்பான். பள்ளித் தோழர் முன் தன் வீட்டு உணவைப் பற்றிக் கூச்சப்படுவான். வளர்ந்தபின் அந்தக் குறிப்பேடு அவன் கைக்கு வரும்போது அதைப் படிப்பதே அவனுக்குப் பெரும்பாடு. முடிவை நாம் இங்கே உரைப்பதற்கில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நீங்களே ஆடி அறியலாம்.

இங்கே நம் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1956 நவம்பர் முதல் நாளன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே பலராமபுரத்துக்கு நெசவு நெய்ய வந்தோரும், பின்னர் வேலை தேடி வந்த நம்போன்றோரும் இரு மொழிக்கும் இடையே குடித்தனம் நடத்துகிறோம். கனடா போகும் வரையில் காத்திருக்கவேண்டியதில்லை. இருப்புப்பாதை வழியே குழித்துறையிலிருந்து பாறசாலைக்கு வந்தாலே கவின் பிறந்துவிடுகிறான். நம் காலனிப் பிள்ளைகள் மலையாளத்தில் கணக்குச் செய்கின்றனர். ஆங்கிலத்தில் கைபேசி பார்க்கின்றனர். தமிழில் பசிக்கிறது என்கின்றனர். மலையாளம் நமக்குச் சோறிடும் மொழி; அதன்மீது நமக்கு மனக்குறை சிறிதும் இல்லை. ஆனால் பசிக்கு மட்டும் என்று ஒரு மொழியை ஒதுக்கிவைத்தால் அது எத்துணைத் தலைமுறை நிற்கும்?

நம் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. வெண்பாவை அவளும் அவள் தாயும் ஓர் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆடினர். பொத்தான் மகள் கையில். அறிவுரை தாயின் வாயில். 'எண்ணெய் காயுமுன் கடுகைப் போடாதே' என்று திரையை நோக்கி அதட்டியதைக் கேட்டோம். ஆட்டம் முடிந்தபின் மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு பரணிலிருந்து மறைந்த நம் அன்னையாரின் வீட்டுக்கணக்கு நோட்டை எடுத்துத் தரும்படி கேட்டாள். அதில் சமையற்குறிப்பு என்று ஒன்றும் இல்லை. பால், மண்ணெண்ணெய், பள்ளிக்கட்டணம், நடுவே ஓரிடத்தில் 'பேட்டரி 2'. அந்த வரியை அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. இன்று தாள் ஒன்றுக்கு அரைமணி நேரம் என்னும் கணக்கில் நோட்டின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறாள்.

'இவ்வளவு கூறிவிட்டு முதலிடம் கொடாதது ஏன்?' தமிழ் என்பதற்காக மட்டும் முதலிடம் தந்துவிடுவது தமிழுக்கும் பெருமையன்று, ஆட்டத்துக்கும் நீதியன்று. வெண்பா ஒருமுறை ஆடுவதற்குரியது. நல்ல கதையைப் படித்து மூடியதுபோல் ஆகிவிடும். மறுநாள் மாலை 'வா, ஆடுவோம்' என்று அண்டை வீட்டாரை அழைக்க அதில் இடமில்லை.

அவ்வாறு அழைக்கத் தக்கதே நம் முதலிடத்துக்குரியது. 'பேட்டில் சிட்டி' என்பது அதன் அச்சிட்ட பெயர். நாம் அறிந்த பெயர் 'டாங்க்'. ஜப்பானிய நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. திரையின் அடியில், நடுவே, செங்கற்சுவரால் சூழப்பட்ட கழுகுச் சின்னம். மேலிருந்து பகைவரின் டாங்குகள் கட்டத்துக்கு இருபது வீதம் இறங்கும். இருவர் ஒரே நேரத்தில், ஒரே திரையில் நின்று கழுகைக் காக்கவேண்டும். நீ எத்தனை டாங்குகளை வீழ்த்தினாலும், கழுகு வீழ்ந்தால் இருவர்க்கும் ஆட்டம் முடிந்தது. தோழனைத் தவறிச் சுட்டால் அவன் சாவதில்லை. சற்று நேரம் செயலற்று நிற்பான். அதற்குள் பகைவன் வந்துவிடுவான். ஆகவே 'நீ இடம், நான் வலம்' என்று பங்கிட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடவேண்டும். பேசாதவர் தோற்பர். மண்வெட்டி கிடைத்தால் கழுகின் சுவர் சிறிது நேரம் இரும்பாகும். கடிகாரம் கிடைத்தால் பகைவர் அனைவரும் உறைந்து நிற்பர். அவ்விரண்டும் எந்த மூலையில் தோன்றின என்று கத்திச் சொல்வதற்கென்றே பின்னால் நான்கு பேர் அமர்ந்திருப்பர். 35 கட்டங்கள் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து வரும்; எவரும் சலித்ததில்லை.

இவற்றினும் மேலானது ஒன்று அதில் உண்டு. ஆட்டக்களத்தை நாமே கட்டலாம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள்; செங்கல், இரும்பு, நீர், காடு, பனி எதை வேண்டுமாயினும் எங்கும் வைக்கலாம். இன்று பிள்ளைகள் விரும்பும் மைன்கிராஃப்ட் 2011இல் முழுமையாக வெளிவந்தது, 2023க்குள் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அதன் இன்பமெல்லாம் கட்டுவதில்தானே இருக்கிறது? அந்த இன்பத்தின் சிறு துளியை நாம் டாங்க்கிலேயே பருகினோம்.

நாம் கட்டியது எழுத்து. களத்தில் வளைவு வைக்க இயலாது, எல்லாம் நேர்க்கோடு. தமிழில் 'ட' என்பது இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. 'ம' சிறிது முயன்றால் அமைந்துவிடும். நம்மோடு ஆடிய மலையாளத் தோழர் தம் மொழியில் எழுத முயன்று, வளைவுகளோடு நெடுநேரம் போராடி, கடைசியில் வட்டமாக எழுதும் ஓரெழுத்தைச் சதுரமாக்கி, 'இதுவும் எழுத்துத்தான்' என்று வாதாடினார். நாம் ஒப்புக்கொண்டோம். இடப்பக்கம் அவர் சதுரம், வலப்பக்கம் நம் 'ட', நடுவே கழுகு. செங்கல்லால் எழுதினால் பகைவர் சுட்டுச் சுட்டு எழுத்தை அரித்துவிடுவர். இரும்பால் எழுதினால் நிற்கும். 'என் எழுத்தை நீ காத்துக்கொள், உன் எழுத்தை நான் காத்துக்கொள்கிறேன்' என்று ஓர் ஒப்பந்தமும் எங்களிடையே இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்கு நினைவாற்றல் இல்லை. அக்காலத்தில் மாலையில் மின்சாரம் அரைமணி நேரம் நின்றுவிடும். விளக்கு மீண்டும் எரியும்போது களம் வெறுமையாக இருக்கும். முதற்கோட்டிலிருந்து மறுபடியும் எழுதுவோம். எத்தனை மாலைகள் அவ்வாறு எழுதினோம் என்பதற்குக் கணக்கில்லை.

அத்தோழர் இன்று நெய்யாற்றின்கரையில் குடும்பத்தோடு வாழ்கிறார். சென்ற ஓணத்துக்கு நம் வீட்டுக்கு வந்தபோது, பழைய பெட்டி பழுதாகிவிட்டமையால், கணிப்பொறியில் டாங்க்கை ஏற்றி இருவரும் அமர்ந்தோம். பதினேழாம் கட்டத்தில் கழுகு போயிற்று. குற்றம் யாருடையது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பின்னர் அவருடைய மகனும் நம் மகளும் பொத்தான்களை வாங்கிக்கொண்டனர். களம் கட்டும் இடத்துக்குச் சென்று, நம் மகள் பாட்டியின் நோட்டில் கண்ட 'பே' என்னும் எழுத்தை வைக்க முயன்றாள். 'ப' எளிதாக வந்துவிட்டது. முன்னே நிற்கவேண்டிய ஏகாரக் கொம்பை நேர்க்கோட்டில் எவ்வாறு அமைப்பது என்று இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நாங்கள் பாயசம் குடிக்க எழுந்துவந்தோம்.

சங்கத்தின் செயலாளர் அவர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எதிர்வரும் பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்கும் பல்லாங்குழிப் போட்டிக்கும் அடுத்து, இருவர் சேர்ந்தாடும் டாங்க் போட்டி ஒன்றும் வைக்கவேண்டும். ஓரணியில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் கீழும் மற்றவர் நாற்பது வயதுக்கு மேலும் இருத்தல் வேண்டும். களத்தை அணியினரே ஏதேனும் ஒரு தமிழெழுத்தின் வடிவில் கட்டிக்கொள்ளவேண்டும். கணிப்பொறியையும் பொத்தான்களையும் நாம் கொண்டுவருகிறோம். மின்சாரத்துக்குச் சங்கம் பொறுப்பேற்கட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் நம்மைக் காணலாம்.